எந்தப் பயணம் சிறந்தது? திருமலைப் பிள்ளைகளின் விவாதத்துக்கு உங்கள் கருத்துத் தேவை

தமிழ்டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை நகரத்தில் தரம் 9 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தமிழ்த்தினப் போட்டி வருவதற்கு முன்னால் மேடைக் கூச்சம் போகட்டும் என்று வகுப்பிலேயே ஒரு விவாதம் வைத்தேன். தலைப்பு: "பயணம் செய்யச் சிறந்த வழி எது?" பஸ், ரயில், சைக்கிள், படகு என்று நாலு அணி பிரித்தேன். அறிவித்து முடிக்கும் முன்பே பின் வாங்கிலிருந்து, "டீச்சர், நடந்து வாற எங்களுக்கு அணி இல்லையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நடைக்கு ஒன்று, ஆட்டோவுக்கும் ஸ்கூல் வேனுக்கும் சேர்த்து ஒன்று என்று ஆறு அணி ஆயிற்று.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "பேருந்து ஏழைகளின் தோழன்" மாதிரி கட்டுரைப் புத்தக வசனம் வேண்டாம். கண்ணால் கண்டது, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டது, தேடிப் பார்த்து உறுதி செய்தது, இவை மட்டும் சொல்லலாம்.

முதல் சுற்று நான் நினைத்ததை விடச் சூடாகப் போனது. ரயில் அணித் தலைவன் எழும்பி, இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்குப் போனால் நித்திரை கொள்ளலாம், கழிவறை இருக்கிறது, அம்மம்மா காலை நீட்டி இருக்கலாம் என்று அடுக்கினான். பஸ் அணிப் பிள்ளை ஒரு கேள்விதான் கேட்டாள்: "உங்கட ரயில் நிலாவெளிக்கு வருமா?" சைக்கிள் அணி 2022 பெற்றோல் தட்டுப்பாட்டை எடுத்துப் போட்டது. நடை அணி கதிர்காம பாதயாத்திரையைக் கொண்டு வந்தது. படகு அணியின் முறை வந்தபோது கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி குறிஞ்சாக்கேணி பற்றிப் பேச ஆரம்பித்தாள். அதோடு மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டாம் சுற்று. இரண்டு விஷயம் வேண்டும். பிள்ளைகள் பயன்படுத்தக்கூடிய உண்மையான தகவல்கள் ஒன்று. நடுவர் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது மற்றது. திருமலை தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


கோச்சிப்பிரியன்:

டீச்சர், ரயில் அணிக்கு நான் தருகிறேன்.

திருமலைக்கு ரயில் பாதை 1927இல் திறக்கப்பட்டது. வடக்குப் பாதையிலிருந்து மாகோ சந்தியில் பிரிந்து வருகிறது. கல்லோயா சந்தியில் மறுபடி இரண்டாகிறது. ஒன்று கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக எங்களிடம் வரும். மற்றது பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்குப் போகும். தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி, இந்தியாவில் உள்ள அதே அகலப் பாதை.

பிள்ளைகள் கட்டாயம் சொல்ல வேண்டிய விஞ்ஞானம் ஒன்று உண்டு. உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சில்லு உருளும்போது வரும் தடை, தார் வீதியில் டயர் உருளும்போது வருவதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். அதனால்தான் ஒரு எஞ்சின் ஆயிரம் பேரையும் அவர்களின் மூட்டை முடிச்சையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆள் ஒருவருக்கு எரிபொருள் எவ்வளவு என்று கணக்குப் போட்டால், ஆட்கள் நிறைந்த ரயிலைக் காரோ வேனோ ஆட்டோவோ வெல்லாது.

இன்னொன்று, ரயிலில் படிக்கலாம். பஸ்ஸில் புத்தகத்தை விரித்தால் ஹபரணைக்கு முன்பே தலை சுற்றும்.


உப்புவெளிவாசி:

கோச்சிப்பிரியன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாதையை இலங்கைப் படத்தில் கொஞ்சம் பாருங்கள். திருமலையும் மட்டக்களப்பும் ஒரே கரையில் இருக்கும் பக்கத்துப் பட்டினங்கள். ரயிலில் போக வேண்டும் என்றால் உள்நாட்டுக்குள் கல்லோயா வரை போய், இறங்கி, மாறி, திரும்பவும் கடற்கரைக்கு வர வேண்டும். யாழ்ப்பாணம் போக மாகோ வரை இறங்க வேண்டும். வெள்ளைக்காரன் துறைமுகத்தையும் கொழும்பையும் இணைக்கத்தான் பாதை போட்டான். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கும் சாவீட்டுக்கும் போகிற ஊர்கள் அவன் கணக்கில் வரவில்லை. ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணத்துக்கும், மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கும் பஸ்தான் போகிறது.

பஸ் அணி இதைப் பிடித்துக்கொள்ளட்டும்.


கந்தளாய்க்காரன்:

ரயில் பற்றிப் பேசினால் யானை பற்றியும் பேச வேண்டும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் காட்டுக்குள் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. ரயிலும் தடம் புரண்டது. அது மட்டக்களப்புப் பாதை ரயில் என்றாலும், எங்கள் பாதையும் அதே காட்டுக்குள்ளால்தான் வருகிறது. இரவில் வளைவுகளில் சாரதிக்கு யானை தெரியும்போது பிரேக் பிடித்து நிறுத்தத் தூரம் போதாது. அந்த உருக்குச் சில்லு வழுக்கிக்கொண்டு போகும். தடை குறைவு என்று மேலே புகழ்ந்த அதே குணம்தான் இங்கே எதிராக வருகிறது. இதற்கு மெதுவாகப் போவதுதான் வழி. மெதுவாகப் போனால் நேரம் கூடும். ரயில் அணி இதற்குப் பதில் தயார் செய்து வைக்கட்டும், கட்டாயம் யாராவது கேட்பார்கள்.


பாலையூற்று_அம்மா:

நான் வேன் பக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். பாடசாலை தொடங்குவது ஏழரைக்கு, முடிவது ஒன்றரைக்கு. ஒன்றரை மணிக்கு எந்த அலுவலகத்தில் விடுவார்கள்? வேன்கார அண்ணா பிள்ளையை வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறார். இறங்கியதும் அம்மம்மாவிடம் "பிள்ளை வந்திட்டா" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பார். பஸ்ஸும் ரயிலும் இதைச் செய்யுமா?

நெருக்கி ஏற்றுகிறார்கள் என்பது உண்மை. பத்துப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் மடியில் மடியாகப் பிள்ளைகள். அதைக் கேட்கிற பொறுப்பு பெற்றோருக்கு உண்டு. கேட்டால் மாதக் காசு கூடும் என்று பேசாமல் இருக்கிறோம். இதையும் உங்கள் பிள்ளைகள் மேடையில் சொல்லட்டும் டீச்சர்.


கிண்ணியா_காக்கா:

அந்தப் பிள்ளை பேச ஆரம்பித்து மணி அடித்துவிட்டது என்று வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். 396 மீற்றர், அந்த நேரத்தில் இலங்கையிலேயே நீளமான பாலம். அதற்கு முன்னால் எங்களுக்குப் பாதைதான். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: தண்ணீரில் மிதக்கும் ஒரு தட்டு, ஆளும் வாகனமும் அதில் ஏறிக் கடக்க வேண்டும். நீங்கள் வரும்போது அது அக்கரையில் நிற்கும். அது ஆடி அசைந்து திரும்பி வரும் வரை வெயிலில் நிற்க வேண்டும். பஸ், லொறி, மீன் பெட்டி, ஆடு, வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக ஏறும். இரவில் கடைசிப் பாதையைத் தவறவிட்டால் விடிய வேண்டும். வருத்தக்காரரை வைத்துக்கொண்டு கரையில் நின்ற குடும்பங்கள் எத்தனையோ. பாலம் திறந்த அன்று எங்கள் உம்மா நடந்தே கடந்து போய், அக்கரையில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டு நடந்தே திரும்பி வந்தா.

குறிஞ்சாக்கேணி வேறு இடம், கிண்ணியாவுக்குள்ளேயே. அங்கே பழைய பாலத்தை உடைத்துப் புதிதாகக் கட்டும் வேலை நடந்தது. இடைக்காலத்துக்கு ஒரு பாதை ஓடியது. 2021 நவம்பர் 23, காலையில், பாடசாலைக்குப் போகும் நேரம் அது கவிழ்ந்தது. சின்னப் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஊரே தண்ணீரில் குதித்தது. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

அந்தப் பிள்ளையைப் பேச விடுங்கள் டீச்சர். படகு கெட்டது என்று அவள் சொல்ல மாட்டாள் என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்கள் கடலில் பிறந்தவர்கள். ஆனால் பாலத்தை உடைக்கும் முன் பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்று யோசிக்க வேண்டும், ஏற்றுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும், எத்தனை பேர் என்று எண்ணி ஏற்ற வேண்டும். இதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.


தமிழ்டீச்சர்:

காக்கா, நன்றி. இரண்டாம் சுற்றை அவளிடமிருந்துதான் தொடங்குவேன். அவள் விரும்பினால் மட்டும்.


மூதூரான்:

கிண்ணியா காக்கா சொன்னதற்குப் பிறகு படகுக்காகப் பேசுவது கஷ்டம்தான். ஆனாலும் மூதூர் லோஞ்ச், அதுதான் ஆட்களை ஏற்றும் மோட்டார் படகு, அதைப் பற்றி யாராவது சொல்லத்தான் வேண்டும்.

கொட்டியாரக் குடா ஒரு பெரிய வளைவு. அதன் ஒரு முனையில் திருமலை, எதிர்ப் பக்கத்தில் மூதூர். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து விழுவது இந்தக் குடாவில்தான். தரையால் போனால் சீனக்குடா, கிண்ணியா, உப்பாறு, கங்கை என்று குடாவைச் சுற்றி ஒவ்வொரு வாயையும் கடக்க வேண்டும். கடலால் போனால் நேர்கோடு. பாலங்கள் வராத காலத்தில் மூதூர்ச் சனத்துக்குச் சந்தை, ஆஸ்பத்திரி, கச்சேரி (அரசாங்க அலுவலகம்) எல்லாமே அந்த லோஞ்சில்தான். மூட்டை அரிசி, தயிர்ச் சட்டி, கோழிக் கூடு, ஒரு மூலையில் ஓஎல் சோதனைக்குப் படித்துக்கொண்டு ஒரு பிள்ளை. நடுக் குடாவில் திரும்பிப் பார்த்தால் சுவாமிமலையில் கோணேசர் கோயில் தெரியும். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கதைத்துக் கதைத்து மூதூர் ஆட்களுக்கு இன்றைக்கும் குரல் பெரிது.

தென்மேல் காற்றடிக்கும் கச்சான் காலத்தில் குடா குளம் போலக் கிடக்கும். வாடை தொடங்கினால், கார்த்திகை மார்கழியில், வேறு கதை. பாலங்கள் வரும் முன் லோஞ்ச் ஓடாத நாளில் ஊர் தீவாகிவிடும். அதனால் படகு அணி வருடம் முழுவதும் சிறந்தது என்று சொல்லக் கூடாது. "காலம் பார்த்து, நேர்வழி" என்று வாதாடினால் நிற்கும்.


சைக்கிள்_தம்பி:

2022ஐப் பிள்ளைகள் மறக்கவில்லை என்று கேட்க மனதுக்கு நல்லாயிருக்கு. ஜூன் கடைசியிலிருந்து அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் பெற்றோல் என்றார்கள். பாடசாலை மூடினார்கள். பிறகு ஜூலையில், பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் அட்டை வந்தது. அந்த நாட்களில் திருமலையில் ஓடிய ஒரே வாகனம் சைக்கிள். கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த அப்பப்பாவின் சைக்கிளை எல்லாம் எடுத்துத் துடைத்தார்கள். கடையில் டயர், டியூப் விலை ஏறியது. டொக்டரும் சைக்கிளில், அதிபரும் சைக்கிளில். கடல் வீதியில் பெற்றோல் மணம் இல்லாத காற்று அப்போதுதான் அடித்தது.

சைக்கிள் அணிக்கு: நடந்தால் மணிக்கு ஐந்து கிலோமீற்றர். அதே மூச்சைச் செலவழித்து சைக்கிளில் பதினைந்து போகலாம். மனித உடம்பின் சக்தியை இவ்வளவு சிக்கனமாகத் தூரமாக்குகிற இயந்திரம் வேறில்லை. பழுதானால் பிள்ளையே திருத்தலாம். செயின் கழன்றால் ஒரு குச்சி போதும்.

இப்போது எதிரணி கேட்கப் போவதையும் சொல்கிறேன். நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு அண்ணளவாகப் பதினைந்து கிலோமீற்றர். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று முகத்தில் அறையும், மண்ணும் சேர்ந்து வரும். ஒன்றரை மணி வெயிலில் திரும்பும்போது சாம்பல்தீவுப் பாலத்தடியில் நிழல் தேட வேண்டும். வீதியில் மாடு படுத்திருக்கும். நகரத்துக்குள் வந்தால் மான் குறுக்கே பாயும், எங்கள் ஊரில் நாயை விட மானுக்குத்தான் வீதியில் உரிமை. இதையெல்லாம் ஒத்துக்கொண்டு, "ஐந்து கிலோமீற்றருக்குள் சைக்கிளை வெல்ல எதுவும் இல்லை" என்று வாதாடச் சொல்லுங்கள். தூரத்தைச் சொல்லாமல் வாதாடினால் தோற்பார்கள்.


தம்பலகாமத்தான்:

லேண்ட்மாஸ்டருக்கு, அதுதான் பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு, அணி இல்லையா டீச்சர்? எங்கள் வயற்பக்கத்துப் பிள்ளைகள் மழை நாளில் லேண்ட்மாஸ்டர் பெட்டியில்தான் மெயின் வீதி வரை வருவார்கள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பொலித்தீன் பையில் புத்தகம். மெயின் வீதியில் காலைக் கழுவிச் சப்பாத்துப் போட்டுப் பிறகு பஸ். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பயணம் என்பது எப்போதும் இரண்டு மூன்று துண்டுதான். ஒரே வாகனத்தை எடுத்துச் சிறந்தது என்று சொல்வதே நகரத்துப் பேச்சு.


தோணிக்கரை:

நடை அணிக்கு ஒரு குறிப்பு. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் தொடங்கும் கதிர்காம யாத்திரை முல்லைத்தீவு தாண்டி எங்கள் ஊருக்கு வந்து, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று இறங்கி, குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமம் சேர்கிறது. காவி கட்டிய ஆச்சிமார் வெறுங்காலோடு இத்தனை தூரம் நடக்கிறார்கள். வழியெல்லாம் ஊர்ச்சனம் சோறும் மோரும் கொடுத்துப் படுக்க இடம் கொடுக்கிறது. வேறெந்தப் பயணத்திலும் வழியில் உள்ளவன் உங்களை வீட்டுக்குள் கூப்பிட மாட்டான். இதை நடை அணி விட்டுவிடக் கூடாது.


தரம்10_மாணவி:

நான் அந்த வகுப்பு இல்லை, வேறு பாடசாலை. அக்காவின் போனில் எழுதுகிறேன். பெரியவர்கள் எல்லோரும் நல்லாச் சொல்கிறீர்கள். ஆனால் பஸ் பற்றி ஒன்று யாரும் சொல்லவில்லை.

எங்களிடம் சீசன் டிக்கட் இருக்கிறது. காலையில் தரிப்பிடத்தில் பத்துப் பதினைந்து பேர் வெள்ளைச் சட்டையோடு நிற்போம். பஸ் வரும், வேகம் குறைக்கும், எங்களைப் பார்க்கும். மிதிபலகையில் நிற்கிற கொண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார், பஸ் போய்விடும். சில நேரம் ஆள் இறங்க வேண்டும் என்றால் எங்களைத் தாண்டித் தூரப் போய் நிற்கும். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். முன்னால் ஓடுகிற அண்ணாமார் ஏறிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் ஓட முடியாது. நாங்கள் சின்னவர்களை விட்டுவிட்டு ஏற மாட்டோம், அதனால் நாங்களும் பிந்துவோம். பாடசாலை வாசலில் பிந்தி வந்தவர் வரிசையில் நிற்க வேண்டும். ஏன் பிந்தியது என்று கேட்டால் பஸ் நிற்கவில்லை என்று சொல்வோம். ஒவ்வொரு நாளும் இதையே சொல்கிறாயே என்பார்கள். ஒவ்வொரு நாளும் அதுதான் நடக்கிறது.

பஸ்ஸுக்குள் ஏறினாலும் பெண் பிள்ளைகளுக்கு நெரிசலில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் விளக்கத் தேவையில்லை. பையை முன்னால் போட்டுக்கொண்டு நிற்போம்.

என்னைக் கேட்டால், நிற்கிற வாகனம்தான் சிறந்த வாகனம்.


பாலையூற்று_அம்மா:

மகள், இதை வாசித்து நெஞ்சு கனத்துவிட்டது. சின்னவர்களை விட்டு ஏற மாட்டோம் என்று சொன்னீர்களே, உங்களைப் பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.


ஓய்வுபெற்ற_கொண்டக்டர்:

மகள் சொல்வது முழுக்க உண்மை. நான் அந்த வேலையில் இருந்தவன், உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நியாயப்படுத்துவதற்காக இல்லை, எங்கே பிடித்தால் திருத்தலாம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

சீசன் செல்லுபடியாவது இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில்தான். தனியார் பஸ்ஸுக்கு அது செல்லாது. சீசன் காசு டிப்போவுக்கு ஏற்கனவே போய்விட்டது. ஆனால் அன்றன்று மாலையில் கொண்டக்டரிடம் கேட்பது பையில் இருக்கிற கையிருப்பை. பதினைந்து சீசன் பிள்ளைகளை ஏற்றினால் பஸ் நிறையும், பை நிறையாது. பின்னால் தனியார் பஸ் வந்து முந்திக்கொண்டிருப்பான். டைம் கீப்பர் ஒரு நிமிடம் பிந்தினாலும் எழுதுவார். இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த இரண்டு தட்டு. பிள்ளைகள் மேல் வெறுப்பு உள்ளவர்கள் குறைவு. வசூலை வைத்து ஆளை அளக்கிற முறை இருக்கும் வரை நல்ல மனுசனும் தட்டத்தான் செய்வான்.

இதற்கு மாற்று ஏற்கனவே இருக்கிறது. சிசு சரிய என்ற பாடசாலை பஸ் சேவை 2005இல் தொடங்கினார்கள். பிள்ளைகள் அரைக் கட்டணம் கொடுத்தால் போதும், மீதிக்கு அரசாங்கம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மூலமாகக் காசு கொடுக்கிறது. அந்த பஸ்ஸின் வேலையே பிள்ளைகளை ஏற்றுவது, அதனால் தாண்டிப் போக வேண்டிய காரணமே இல்லை. எந்த வீதியில் அது இல்லையோ அந்த வீதிக்குக் கேட்க வேண்டும். யாரும் தானாக வந்து தர மாட்டார்கள்.


ஸ்காபரோ_திருமலையான்:

கனடாவிலிருந்து. இங்கே பிள்ளைகளுக்கு மஞ்சள் பஸ். பிள்ளை ஏறும்போது சிவப்பு விளக்கு மின்னும், பக்கவாட்டில் நிறுத்தப் பலகை விரியும். எதிரே வருகிற வாகனமும் பின்னால் வருகிற வாகனமும் நின்றே ஆக வேண்டும், தாண்டினால் பெரிய தண்டம். ஒரு பிள்ளை வீதியைக் கடக்கும் வரை முழு வீதியும் காத்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது எங்கள் ஊர் வீதியைத்தான் நினைத்தேன். காசு நிறைய வேண்டும் என்பது ஒரு பக்கம். பிள்ளைக்காக நிற்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருப்பது மற்றப் பக்கம். இரண்டாவதற்குக் காசு தேவையில்லை.


கோச்சிப்பிரியன்:

இழை முழுக்க பஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் விடுவதாக இல்லை. ரயில் நிலையத்தில் நிற்க வேண்டிய ரயில் நின்றே தீரும். பிள்ளை சீசன் வைத்திருக்கிறதா என்று பார்த்துச் சாரதி போய்விட முடியாது. மாணவி மகள் கேட்கிற "நிற்கிற வாகனம்" அதுதான். தம்பலகாமம், சீனக்குடா, திருமலைக்கு இடையில் பாடசாலை நேரத்துக்கு ஒரு சின்ன ரயில் பஸ் ஓடினால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பிரச்சினை தீரும். தண்டவாளம் போட்டுக் கிடக்கிறது.


தம்பலகாமத்தான்:

கோச்சிப்பிரியன், அது மட்டும் நடந்தால் என் லேண்ட்மாஸ்டரில் பிள்ளைகளை ஸ்டேஷனுக்கு நானே கொண்டு வந்து விடுவேன்.


தமிழ்டீச்சர்:

வெள்ளிக்கிழமை விவாதம் முடிந்தது. இரண்டு பாடவேளை எடுத்தும் போதவில்லை.

கிண்ணியாப் பிள்ளை முதலில் பேசினாள். காக்கா சொன்னபடியே, படகைக் குறை சொல்லவில்லை. "எங்கட வாப்பா இப்பவும் கடலுக்குப் போறார். நான் கேக்கிறது ஒரு அங்கி, ஒரு எண்ணிக்கை" என்றாள். படகு அணி தன் முறையில் மூதூரான் சொன்னதை எடுத்து, வாடைக் காலத்தில் தாங்கள் போட்டியில் இல்லை என்று தாங்களே அறிவித்தார்கள். சைக்கிள் அணி ஐந்து கிலோமீற்றர் என்று கோடு போட்டுப் பேசியது, அதற்குள் யாராலும் அவர்களை அசைக்க முடியவில்லை. நடை அணிக்காரன் யாத்திரைச் சோறு பற்றிச் சொல்லும்போது வகுப்புக்கே பசி வந்தது. யானைக் கேள்வி வந்தது. ரயில் அணி "அந்தத் துண்டில் மெதுவாகப் போகட்டும், நாங்கள் அரை மணி பிந்தி எழும்புகிறோம்" என்று சொல்லிச் சமாளித்தது.

நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று வந்தது. ஊன்றுகோல் வைத்து நடக்கும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். எந்த அணியிலும் சேராமல் நேரம் பார்ப்பவனாக இருந்தான். எழும்பி, "நான் ஒருத்தரும் தூக்காமல் தனியா ஏறக்கூடியது எது?" என்று ஆறு அணியையும் கேட்டான். பஸ் அணி படி உயரம் என்று ஒத்துக்கொண்டது. ரயில் அணி மேடை உயரமாக உள்ள நிலையத்தில் ஏறலாம், சின்ன நிலையங்களில் கஷ்டம் என்றது. அதுவரை பேச்சுக் கிடைக்காமல் இருந்த ஆட்டோ அணி எழும்பி, "எங்கட ஆட்டோவுக்குப் படி ஒரு சாண்தான், வா" என்றது. அந்தக் கேள்விக்கு ஆட்டோவுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

நடுவராகப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்திருந்தார். உங்கள் யோசனைகளை வைத்து நாலு கேள்வி கொடுத்திருந்தேன்: மழை நாளில் வருமா, பணம் இல்லாத பிள்ளைக்கு முடியுமா, பயமில்லாமல் போகலாமா, ஒவ்வொரு நாளும் வருமா.

கடைசிக் குறுக்குக் கேள்வி ரயில் அணியிலிருந்து பஸ் அணிக்கு. மாணவி மகள் எழுதியதை வாசித்துவிட்டு, "நிற்காத பஸ் எப்படிச் சிறந்தது?" என்றார்கள். பஸ் அணிப் பிள்ளை சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நிற்கவில்லை என்றால் நிற்கச் சொல்லிக் கேக்கலாம். தண்டவாளத்தை நிலாவெளிக்கு இழுத்துக்கொண்டு வரச் சொல்லிக் கேக்க ஏலாது. கடலைத் தம்பலகாமத்துக்குக் கொண்டு வரவும் ஏலாது. எல்லாப் பிள்ளைகளின்ட ஊருக்கும் வீதி இருக்கு. வீதி இருந்தா பஸ் வரலாம்." நடுவர் பஸ் அணிக்குத்தான் கொடுத்தார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. கோச்சிப்பிரியன் கோபிக்க வேண்டாம், உங்கள் அணி இரண்டாமிடம்.

பிள்ளைகள் அதோடு விடவில்லை. கேட்கலாம் என்று சொன்னாயே, கேள் என்று மற்ற அணிகள் பஸ் அணியைப் பிடித்துக்கொண்டன. இப்போது ஆறு அணியும் சேர்ந்து டிப்போவுக்கும் மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கும் கடிதம் எழுதுகிறார்கள். கொண்டக்டர் ஐயா, கடிதத்தில் என்ன இருந்தால் மேசையில் கிடக்காமல் நகரும் என்று சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற_கொண்டக்டர்:

டீச்சர், பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. முறைப்பாடு மாதிரி எழுத வேண்டாம், சாரதி பெயர் பஸ் இலக்கம் எழுதி ஒருவரை மாட்டிவிடவும் வேண்டாம். அப்படி எழுதினால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போகும், அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். கணக்கு எழுதுங்கள். எந்தத் தரிப்பிடம், காலையில் எத்தனை மணிக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் சீசன் எத்தனை, எந்த எந்தப் பாடசாலை. இரண்டு வாரம் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒரு பிள்ளை கொப்பியில் குறிக்கட்டும், எத்தனை பஸ் வந்தது, எத்தனை நின்றது என்று. ஒரே வீதியில் உள்ள மற்றப் பாடசாலை அதிபர்மாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பாடசாலை கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள், நாலு பாடசாலை கேட்டால் நேர அட்டவணையை எடுப்பார்கள். சிசு சரிய வேண்டும் என்று தெளிவாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிரதி வலயக் கல்விப் பணிமனைக்கும் போகட்டும். நேரில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்காமல் திரும்ப வேண்டாம்.


தரம்10_மாணவி:

எங்கள் தரிப்பிடத்துக் கணக்கை நான் எடுக்கிறேன் டீச்சர். திங்கட்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் அதிபரிடம் கையெழுத்துக்கும் கேட்கிறேன். கடிதத்தில் எங்கள் பாடசாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.